சூடு போகும் வழி

புக்கிட் செராய் தோட்டம்,
கெமாஸ்.
12.9.1993

அன்புள்ள மாப்பிள்ளை ராமகிருஷ்ணனுக்கு,

மச்சான் திருநாவுக்கரசு எழுதுவது. நானும் உன் அக்கா செல்லம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பைப் பற்றி நீ எழுதுகிற ஒற்றை வரியை உன் அக்கா நம்புவதில்லை. ‘நலமாக இருக்கிறேன்’ என்று நீ எழுதியதைப் பத்து தரம் பார்த்துவிட்டு, "எழுத்து கோணலா இருக்கே, காய்ச்சலா இருக்குமோ?" என்கிறாள். ஆகையால் என்ன தின்கிறாய், எப்போது தூங்குகிறாய் என்று விவரமாக எழுது. என் காது பிழைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கெமாஸ் டவுனில் மீரா சாஹிப் கடையில் உட்கார்ந்திருந்தேன். "உங்க மச்சினன் கிளாஸ்கோவுல என்னதான்லா படிக்கிறாரு?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்ல வர்ற சூட்டப் பத்தி" என்றேன். "கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?" என்று ஒருவன் கேட்க, கடையே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் தே தாரிக் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நம் லயத்து வீட்டு வரிசையில் பிறந்து விமானம் ஏறிப் படிக்கப் போனவன் நீ ஒருவன்தான். உன்னைப் பார்த்துச் சிரிக்க ஒரு பயலையும் விடமாட்டேன். ஆனால் சண்டை போடுவதற்காவது எனக்கு விஷயம் தெரிய வேண்டாமா? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உன் மச்சான் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இங்கே என் பிழைப்பில் ஒரு குடைச்சல். வெட்டித் தள்ளுகிற கிழட்டு ரப்பர் மரமெல்லாம் இத்தனை காலம் ரப்பர் ஷீட் காயவைக்கிற என் புகைக்கூடத்து அடுப்புக்குத்தான் வந்தது. இப்போது அந்த மரத்துக்கு மவுசு வந்துவிட்டது. மேசை நாற்காலி செய்கிறவன் லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போகிறான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மண்டோர், விறகப் பாதியாக் குறைங்க. முடியலைன்னா புகைக்கூடத்த மூடிட்டு, ரப்பர் பால அப்படியே வெளி ஃபேக்டரிக்கு ஏத்திருவோம்" என்றார். மூடினால் ஆட்களை மேற்பார்க்கிற என் மண்டோர் வேலை போச்சு. இந்த வயதில் மறுபடியும் கத்தியைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டப் போகவேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
மச்சான் திருநாவுக்கரசு


கிளாஸ்கோ
3.10.1993

அன்பு மச்சானுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். அக்கா, எனக்குக் காய்ச்சல் இல்லை. குளிரில் விரல் விறைத்துப்போய் எழுதினேன், அவ்வளவுதான். சோறு, பருப்பு, டின் மீன், வாரத்துக்கு ஒரு கோழி என்று நன்றாகவே சாப்பிடுகிறேன். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டிருக்குமே.

மச்சான், கடையில் இனி யார் சிரித்தாலும் இதைப் படித்துக் காட்டுங்கள். கம்ப்யூட்டருக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சுவிட்சுகள் லட்சக்கணக்கில். ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது கொஞ்சம் மின்சாரம் அடியில் இருக்கும் சிலிக்கனுக்குள் ஒழுகி வீணாகிறது. அதைத் தடுக்க இப்போது ஒரு புது வழி வந்திருக்கிறது. சுவிட்சுகளுக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு படலத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதன் மேல் மிக மெல்லிய சிலிக்கன் படலம். எவ்வளவு மெல்லியது என்றால், அக்காவின் தலைமுடி ஒன்றை எடுத்து அதன் பருமனை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கண்ணாடி நடுவில் இருப்பதால் மின்சாரம் ஒழுகும் வழி அடைபட்டுவிடுகிறது. அதே வேலையை எவ்வளவோ குறைந்த மின்சாரத்தில் செய்து முடிக்கிறது அந்தச் சில்லு. வீணாகப் போகிற வழியை அடைத்தால் எல்லாம் மிச்சம். சூட்சுமம் அவ்வளவுதான் மச்சான்.

அந்தப் படலத்துக்குள் சூடு எப்படி நடமாடுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. பிரமாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பேராசிரியருக்கு என்மேல் நல்ல நம்பிக்கை.

விறகு விஷயம் எப்படியாவது சரியாகிவிடும். நீங்கள் பார்க்காத அடுப்பா?

என்றும் உங்கள் அன்புள்ள
ராமகிருஷ்ணன்


புக்கிட் செராய் தோட்டம்
28.10.1993

என் அருமை மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உன் அக்கா தீபாவளிக்கு முறுக்கு சுட்டு, உனக்கென்று ஒரு டின் கட்டி அனுப்பியிருக்கிறாள். உடைந்து வந்தாலும் தின்றுவிட்டேன் என்று எழுது.

உன் கடிதத்தை மீரா சாஹிப் கடையில் நின்றுகொண்டே சத்தமாகப் படித்தேன். தலைமுடியை ஆயிரமாகப் பிரிக்கிற இடம் வந்ததும் ஒருத்தன் மூச்சு விடவில்லை. மீரா சாஹிப் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இருக்கிறதே கொஞ்சம், அதில் ஒன்று போச்சு. "இத வச்சுக்கிட்டு ஆயிரம் பங்கா? யா அல்லா, உங்க மச்சினன் மனுசன்தானா?" என்றார். அன்று சிரித்தவனே எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். மாப்பிள்ளை, என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரே யோசனை. புகைக்கூடத்துக் கூரை முகட்டில் வரிசையாக ஓட்டை விட்டிருக்கிறார்களே, நீயும் பார்த்திருக்கிறாய். நான் எரிக்கிற விறகின் சூடெல்லாம் அது வழியாகத்தான் வானத்துக்குப் போகிறது. நீ எழுதினாயே, வீணாகப் போகிற வழியை அடைத்தால் மிச்சம் என்று. தகரம் அடித்து அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால் பாதி விறகு போதாதா? ஷீட்டில் இருக்கிற ஈரம் போக ஓட்டை வேண்டும் என்று பழக்கம் சொல்கிறது. உன் படிப்பு அடைக்கலாம் என்கிறது. எனக்கு உன் படிப்புமேல்தான் நம்பிக்கை.

ஆகுமா ஆகாதா என்று உடனே ஒரு வரி எழுது. தீபாவளி கழியும்வரை பார்ப்பேன். உன்னிடமிருந்து பதில் இல்லையென்றால் சரி என்று எடுத்துக்கொண்டு ஏணியைப் போடுவேன்.

உன் பெருமையில் கொழுத்துப்போயிருக்கும்
மச்சான்


கிளாஸ்கோ
6.12.1993

அன்பு மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முறுக்கு வந்தது. பாதி மாவாகிவிட்டது, அதையும் விடவில்லை. பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபிக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் கொஞ்சம் வேலை நெருக்கடி. சில அளவுகள் ஒத்து வரவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை.

மச்சான், கூரை ஓட்டைகளை அடைக்காதீர்கள். போன கடிதத்தில் நான் பாதியைத்தான் எழுதினேன். சுவிட்சுக்கு அடியில் போடும் கண்ணாடிப் படலம் மின்சாரம் ஒழுகுவதைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் சூடு இறங்குவதையும் அதுவே தடுத்துவிடுகிறது. வெளியே போக வழியில்லாமல் சுவிட்சுக்குள்ளேயே சூடு தங்கி, அது கெட்டுப்போகிறது. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் என் ஆராய்ச்சியே. முழுக்க மூடினால் புகைக்கூடத்திலும் அதுதான் நடக்கும்.

நீங்கள் இன்னும் தொடங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தொடங்கியிருந்தால் உடனே தகரத்தைப் பிரித்துவிடுங்கள்.

அன்புடன்
ராமகிருஷ்ணன்


புக்கிட் செராய் தோட்டம்
19.12.1993

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடியே ஆகட்டும். நான் ஒன்றையும் அடைக்கவில்லை. இங்கே எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. இனி இந்தப் புகைக்கூடத்துப் பேச்சு நமக்குள் வேண்டாம், நீ படிப்பைப் பார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

மச்சான்


புக்கிட் செராய் தோட்டம்
3.1.1994

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன்னை ஒரு நோவும் அண்டக்கூடாது என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். உன் மச்சான் ஆபீசுக்குப் போயிருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவர் உனக்கு எழுதியது பொய். ஓட்டைகளை அடைத்தார். தீபாவளி முடிந்தும் காத்திருந்தார் தம்பி. தினமும் ஆபீசு வாசலில் போய் நின்று குமாஸ்தாவிடம், "கிளாஸ்கோ கடுதாசி வந்துச்சா கிராணி?" என்று கேட்டார். வரவில்லை. கடைசியில், "வேணாம்னா மாப்பிள்ள எழுதியிருப்பான்லா. எழுதலைன்னா சரின்னுதான் அர்த்தம்" என்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறிவிட்டார். மேனேஜரிடம் கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். இடுக்கிலெல்லாம் சாக்கும் களிமண்ணும் வைத்துப் பூசினார். முதல் வாரம் விறகு பாதிதான் செலவானது. மேனேஜர் தோளில் தட்டினார். "எல்லாம் என் மச்சினன் மூளை சார்" என்று சொல்ல வாய் துடித்ததாம். உன் பதில் வரட்டும், அப்புறம் ஜம்மென்று சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டாராம்.

மறு வாரம் ஒரு மத்தியானம். உள்ளே சூடு ஏறி ஏறி, தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் ஷீட்டெல்லாம் இளகி, நீண்டு, அறுந்து அடுப்பின் மேல் விழுந்துவிட்டது. பிறகென்ன, பற்றிக்கொண்டது. கரும்புகை டவுன் வரைக்கும் தெரிந்ததாம். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் மச்சானுக்கு மட்டும் இரண்டு கையிலும் கொப்புளம். கொதிக்கிற கதவுத் தாழ்ப்பாளை வெறுங்கையால் பிடித்துத் திறந்திருக்கிறார். உனக்கு எழுதிய அந்தக் குட்டிக் கடிதம் கட்டுப் போட்ட கையால் எழுதியது.

மேனேஜர் கேட்டதற்கு, "தூங்கிட்டேன் சார், நெருப்பு அதிகமானது தெரியல" என்று சொல்லிவிட்டார். கூட வேலை செய்தவர்களுக்கு உண்மை தெரியும். அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குங்க தூங்குனேன்னு சொன்னீங்க? என்னைக்காவது பகல்ல கண்ண மூடியிருக்கீங்களா?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? உன் தம்பி கடுதாசியப் பாத்து அடைச்சேன்னா? நாளைக்கு அவன் படிச்சிட்டு வந்து இறங்குனா, புகைக்கூடத்தக் கொளுத்துன படிப்புன்னு ஆளாளுக்குச் சொல்லுவானுங்கலா. நான் தூங்குமூஞ்சியாவே இருந்துட்டுப் போறேன். அவன் பேரு கெடக்கூடாது."

பொங்கல் கழிந்து விசாரணை வைத்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் தூங்கினால் நேரே வேலைநீக்கம்தான் என்று பெரிய கிராணி சொல்கிறார். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். எங்கே போவோம் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் நெருப்பு அணைந்தபிறகு வந்தது. அதைப் படித்துவிட்டு, "பயல் கரெக்டாத்தான் எழுதியிருக்கான்" என்று சிரித்தார் தம்பி. அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு வரி எழுத உனக்கு ஒரு மாதம் பிடிக்குமா? திட்டிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
செல்லம்மா


கிளாஸ்கோ
14.1.1994

என் மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கைக் கொப்புளம் ஆறிவிட்டதா? மருந்து போடுகிறீர்களா? அக்கா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதீர்கள். கோபம் மிச்சமிருந்தால் என்மேல் காட்டுங்கள், நான் அதற்குத் தகுதியானவன்.

கடிதம் கிடைத்தவுடன் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். மேனேஜரே எடுத்தார். நான் உளறியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனில் பேசியதை விசாரணையில் வைக்க முடியாது, எழுதி அனுப்பு என்றார். அன்றைக்கே ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன். நீங்கள் தூங்கவில்லை, நான் எழுதியதை நம்பி ஓட்டையை அடைத்தீர்கள், ஆகுமா என்று என்னைக் கேட்டும் நான் பதில் போடவில்லை என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். என் அக்டோபர் கடிதத்தை ஆபீசில் கொடுங்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. வேலை பிரமாதமாகப் போகிறது என்று எழுதினேனே, அது பொய். செப்டம்பரிலிருந்தே என் அளவுகள் கோளாறு. சாதாரண சிலிக்கன் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்று புத்தகத்தில் இருக்கிறது. என் மெல்லிய படலம் அதில் பாதியைத்தான் கடத்துகிறது. நான்தான் தப்பாக அளக்கிறேன் என்று பயந்து பேராசிரியரிடமும் மறைத்துவிட்டேன். நீங்கள் கடையில் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் கேட்க நன்றாக இருப்பதை மட்டும் எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே, அடைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும் மச்சான். ஏன் கூடாது என்று எழுதப் போனால் சூடு தங்குவதைப் பற்றி எழுத வேண்டும். அங்கேதான் நான் உதை வாங்கிக்கொண்டிருந்தேன். அளவு சரியாகட்டும், பெருமையாக எழுதலாம் என்று இன்று நாளை என்று தள்ளிவிட்டேன். நீங்கள் ஆபீசு வாசலில் நின்ற நாட்களில் உங்கள் கடிதம் என் மேசையில் கிடந்தது.

ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போய் எல்லா அளவுகளையும் மேசையில் வைத்துவிட்டேன். என்ன சொல்வாரோ தெரியாது.

விசாரணையில் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வேலையையும் வீட்டையும் எரித்துத்தான் என் பேர் நிற்க வேண்டுமென்றால் அந்தப் பேர் எனக்கு வேண்டாம்.

ராமகிருஷ்ணன்


புக்கிட் செராய் தோட்டம்
2.2.1994

அதிகப்பிரசங்கி மாப்பிள்ளைக்கு,

உடம்பு தேவலை. கை ஆறிவிட்டது. மனசுதான் கொதிக்கிறது. யாரைக் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பினாய்? நான் ஒருத்தன் இங்கே கல்லு மாதிரி உட்கார்ந்து உன் பேரைப் பொத்திப் பொத்தி வைத்தால், நீயே போன் போட்டு ஊருக்கெல்லாம் அறிவிக்கிறாயா? உன் அக்காவோடு நான்கு நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியாததால் நானே பேசிவிட்டேன்.

விசாரணையைக் கேள். மேனேஜர் உன் ஃபேக்ஸை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"மண்டோர், தூங்குனீங்களா இல்லையா?"

"தூங்குனேன் சார்."

"நீங்க தூங்கலைன்னு ஸ்காட்லாந்துல இருந்து ஒருத்தர் எழுதியிருக்காரு. உங்க ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றது?"

நான் மாட்டிக்கொண்டேன். நான் தூங்கினேன் என்றால் நீ பொய்யன். நீ சொன்னது மெய் என்றால் நான் பொய்யன். அப்போது உள்ளே வரக்கூடாதென்று வெளியே நிறுத்தி வைத்திருந்த உன் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். உன் அக்டோபர் கடிதத்தை மேசையில் வைத்தாள். "சார், இந்த மனுசன் என் கல்யாணத்தன்னைக்கே மத்தியானம் அடுப்பப் பாக்கணும்னு ஓடுன ஆளு. இவரா தூங்குவாரு? என் தம்பிய யாரும் ஒண்ணும் சொல்லிரக்கூடாதுன்னு பொய் சொல்றாரு. அவன் இவருக்கு மேல, தான்தான் தப்புன்னு எழுதுறான். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க, இந்த ரெண்டு பைத்தியத்தையும் வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாள். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வேலைநீக்கம் இல்லை. கேட்காமல் கூரையில் கைவைத்ததற்கும் பொய் சொன்னதற்கும் எச்சரிக்கைக் கடிதம். வீடு நமக்குத்தான். ஆனால் புகைக்கூடத்தை மறுபடியும் கட்டமாட்டார்களாம். பாலை லோரியில் ஏற்றப்போகிறார்கள். கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கத்தி. நாளையிலிருந்து பால்வெட்டு. எரிந்து கிடக்கிற இடத்தைத் தாண்டித்தான் ரப்பர் காட்டுக்குப் போக வேண்டும். அதை மட்டும் என்னால் முடியுமா என்று பார்க்க வேண்டும்.

உன் கடைசிக் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போகவில்லை. ஆனால் ஆபீசிலிருந்து செய்தி போய்விட்டது. மீரா சாஹிப் எனக்காகக் காத்திருந்தார். எதையாவது சொல்லட்டும், மேசையைப் புரட்டிவிடலாம் என்றுதான் போனேன். அவர் தே தாரிக்கை வைத்துவிட்டு, "நானா இருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்லா. அவ்வளவு தூரத்துல இருக்காரு, யாருக்குத் தெரியப்போவுது? தானா போன் போட்டு என் தப்புன்னு சொன்னாரு பாருங்க, அந்தத் தலைமுடி விசயத்த விட இதுதான் பெருசு" என்றார். தே தாரிக்கை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். கோபமாகவே இருக்கிறேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

பேராசிரியர் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுது.

உன்னைத் திட்டுவதற்கும் உரிமையுள்ள
மச்சான்


கிளாஸ்கோ
20.3.1994

அன்பு மச்சானுக்கும் அக்காவுக்கும்,

கெட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். பேராசிரியர் நன்றாகத் திட்டினார். நான்கு மாதம் அளவுகளைப் பெட்டிக்குள் வைத்திருந்ததற்கு, வேறு யாராவது இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். படிப்பு முடிய இன்னும் ஓர் ஆண்டு கூடுதலாகும். உதவித்தொகையை நீட்டிப்பார்களா என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு ஜலதோஷம். மற்றபடி நலம். மச்சான், மரங்களோடு பழகிவிட்டீர்களா? அக்கா, அவர் முதுகுக்கு எண்ணெய் போட்டுவிடுங்கள்.

இனி மற்றது. திட்டி முடித்துவிட்டு அவர் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். புதிய துண்டுகள் செய்து, வேறு ஒரு முறையில், வேறு ஒருவரை வைத்து மறுபடியும் அளக்கச் சொன்னார். அதே அளவுதான் வந்தது. நான் தப்பு செய்யவில்லை மச்சான். அந்தப் படலம் உண்மையிலேயே பாதிச் சூட்டைத்தான் கடத்துகிறது.

காரணம் இதுதான். சிலிக்கனுக்குள் சூடு என்பது அதிர்வு. கெட்டியான துண்டில் அந்த அதிர்வு தடையில்லாமல் வெகுதூரம் ஓடும். படலம் இவ்வளவு மெல்லியதானால் ஓட இடமில்லை. மேலேயும் கீழேயும் முட்டி முட்டிச் சிதறிவிடுகிறது. அடியில் கண்ணாடி அடைத்தது போதாதென்று படலத்தின் மெலிவே இன்னொரு அடைப்பு. புத்தகத்து எண்ணை நம்பிச் சில்லு செய்தால், நினைத்ததைவிட மிக அதிகமாகச் சுடும். முன்னமே தெரிந்தால் சூடு போக வழி வைத்துச் செய்யலாம். வேறு இடங்களிலும் இதைச் சிலர் சந்தேகப்படுகிறார்களாம். அதனால் உடனே எழுதி வெளியிட வேண்டும் என்கிறார் பேராசிரியர். கோடையில் ஒரு மாநாட்டில் நானே பேச வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு, கோளாறு என்று ஒளித்து வைத்திருந்தேன். நீங்கள் அந்தக் கையால் கதவைத் திறந்து, பழியையும் உங்கள்மேல் போட்டுக்கொண்டிருக்காவிட்டால் இன்னும் ஒளித்துத்தான் வைத்திருப்பேன். உலகத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய மனிதர் நீங்கள்தான் மச்சான். இதை நேரில் சொன்னால் கேலி செய்து தடுத்துவிடுவீர்கள், அதனால் கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் இருவரையும் வணங்கும்
ராமகிருஷ்ணன்


புக்கிட் செராய் தோட்டம்
17.4.1994

அன்பு மாப்பிள்ளைக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வை. உன் அக்கா நல்ல சுகம், குரலும் நல்ல சுகம். என் முதுகு முதல் மாதம் முழுக்க முனகியது, இப்போது வாயை மூடிக்கொண்டது. கத்தி பிடிக்கும்போது உள்ளங்கைத் தோல் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான். பெரிய மனிதர் அது இது என்று எழுதியிருந்தாயே, உன் அக்கா அதை அடுத்த வீட்டில் படித்துக் காட்டிவிட்டாள். எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. இனி அப்படி எழுதாதே. எழுதியதைக் கிழிக்க மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலை தப்பித்ததே தவிர, லயத்தில் ‘தூங்குன மண்டோர்’ என்கிற பேர் எனக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளது உள்ளபடி தெரிந்தவர்களும் விளையாட்டுக்கு அப்படியே கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. திருத்தினால் உன் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் விடிகாலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிற புது ஆள் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கதானா தூங்குன மண்டோரு?" என்று கேட்டுவிட்டார். பாவம், அதுதான் என் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். என்னவோ தெரியவில்லை, அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"தூங்கல தம்பி. நல்லா முழிச்சிக்கிட்டுத்தான் கொளுத்துனேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. தலைமுடி ஆயிரம் பங்கில் தொடங்கி, உன் கடிதம், நான் ஏணி ஏறியது, நீ பதில் போடாமல் இருந்தது, ஃபேக்ஸ், உன் அக்கா கதவைத் தள்ளியது, நீ பயந்து ஒளித்த எண்ணே கடைசியில் சரியான எண் ஆனது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி பேர் கூப்பிட மறந்து நின்றார். வெளிச்சம் வந்துவிட்டது, ஒருத்தரும் காட்டுக்குப் போகவில்லை.

அந்தப் புது ஆள் கேட்டார். "அப்போ உங்க மச்சினன் தன் தப்புன்னு தானா எழுதிக் குடுத்தாரா?"

"ஆமா."

"யாரும் கேக்காமலா?"

"யாரும் கேக்காமத்தான்லா."

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்தில் வந்து, "எனக்கு ஒரு பொண்ணு இருக்குங்க. இந்த வருசம் ஃபாரம் ஃபைவ், பள்ளிக்கூடம் முடியுது. அடுத்துப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. படிச்சிட்டா நம்மள மறந்துருவா, போன எடத்துல நம்ம பேச்சையே எடுக்க மாட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் வேணாம்னு சொல்லி வச்சிருந்தேன்" என்று நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு வீட்டுக்குப் போயி படிம்மான்னு சொல்லிர்றேன்" என்றார்.

மாப்பிள்ளை, அன்று என் கையில் பால் வாளி கனக்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் பேர் கமலவேணி. கணக்கில் கெட்டிக்காரியாம். உனக்கு நேரம் இருக்கும்போது அவளுக்கு ஒரு கடிதம் போடு. முகவரி நம் வீட்டுக்கு எதிர் லயம், கடைசி வீடு. உடனே போடு.

மச்சான்
திருநாவுக்கரசு